பதினோரு நிலைக் கோபுரமும் பந்தாட்டக் கோபுரமும்

அருணாசலேசுவரர் ஆலயத்தின் கீழை ராஜகோபுரத்துக்குப் பதினோரு நிலைகள். உயரம் 217 அடி. திருவண்ணாமலைக்கு வருகிறவர்கள் எல்லாரும் அதை அண்ணாந்து பார்க்கிறார்கள். நிலைகளை எண்ணிப் பார்க்கிறவர்கள் சிலரே. சென்ற பௌர்ணமியன்று கிரிவலம் புறப்பட்டபோது என் தமக்கையின் மகன் எண்ணிப் பார்த்தான். எண்ணி முடித்ததும், "மாமா! எங்கள் மைதானத்துக் கோஷ்டி எல்லாரையும் ஜயித்துக்கொண்டே போனால் கடைசியில் எங்கே போய்ச் சேரும்?" என்று கேட்டான்.

பந்தாட்டப் பித்துப் பிடித்த பிள்ளை. கோபுரத்தைப் பார்த்தாலும் கோல் கம்பம்தான் தோன்றும் போலிருக்கிறது! சுற்றி வரப் 14 கிலோமீட்டர் இருந்தபடியால் சாவகாசமாகவே பதில் சொல்லத் தொடங்கினேன்.

இங்கிலாந்தில் இந்தக் கேள்விக்கு விடை உண்டு. அங்கே கால்பந்தாட்டக் கோஷ்டிகளெல்லாம் ஒரு பெரிய கோபுரத்தின் நிலைகளைப் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. உச்சியிலுள்ள நான்கு நிலைகளில் 92 கோஷ்டிகள். பணமும் புகழும் பெரும்பாலும் அவர்களுக்கே. ஐந்தாம் நிலையும் தேசம் முழுவதற்கும் பொதுவானது. ஆறாவது நிலை இரண்டு பிரிவாகிறது, ஏழாவது நான்காகிறது. கீழே போகப் போகப் பிரிவுகள் பெருகிப் பிராந்தியங்கள் குறுகும். இதற்குக் காரணம் மிகவும் சாதாரணமானது. கீழ்நிலைகளில் ஆடுகிறவர்களில் அநேகர் பகலில் வேறு தொழில் பார்க்கிறவர்கள். செவ்வாய்க்கிழமை இரவு பந்தயம் ஆடிவிட்டுப் புதன்கிழமை காலையில் வேலைக்குப் போயாக வேண்டும். அவர்களை இருநூறு மைல் பிரயாணம் செய்யச் சொல்ல முடியுமா?

ஏழாம் நிலையிலுள்ள இஸ்த்மியன் லீக்கை எடுத்துக்கொள்வோம். 1905-ல் தோன்றிய இது, லண்டனையும் அதற்குக் கிழக்கிலும் தெற்கிலுமுள்ள ஊர்களையும் சேர்ந்தது. அதன் மேற்பிரிவில் 22 கோஷ்டிகள். ஒவ்வொன்றும் மற்றதோடு சொந்த மைதானத்தில் ஒரு முறையும் எதிரியின் மைதானத்தில் ஒரு முறையும் மோதும். ஆக மொத்தம் 42 பந்தயங்கள். ஜயத்துக்கு 3 புள்ளி, சமமானால் ஒன்று. முதலில் நிற்பவர் நேரே ஆறாம் நிலைக்கு ஏறுவார். இரண்டு முதல் ஐந்தாம் ஸ்தானம் வரையிலுள்ள நால்வரும் தங்களுக்குள் மறுபடி மோதி, ஜயித்த ஒருவர் அவரோடு ஏறுவார். கடைசி நால்வர் கீழே இறங்கியே தீரவேண்டும்.

இந்த இறக்கத்தில்தான் ரஸம் இருக்கிறது. பட்டத்துக்கு ஆசைப்படுகிறவனைக் காட்டிலும், இறங்கிவிடக் கூடாதே என்று அஞ்சுகிறவன் பங்குனி சித்திரையில் உயிரைக் கொடுத்து ஆடுவான்.

எல்லாம் நியாயமாகவே நடந்துவந்தது என்று எண்ணிவிட வேண்டாம். 1987 வரையில் நான்காம் நிலையின் கதவு தானாகத் திறக்காது. கீழிருந்து வருகிறவர் மேலிருப்பவர்களிடம் வோட்டுக் கேட்க வேண்டும். அவர்களோ பெரும்பாலும் பழைய சிநேகிதர்களுக்கே வோட்டளிப்பார்கள். ஒரு காலத்தில் இஸ்த்மியன் லீக்கில் ஆடிய விம்பிள்டன் கோஷ்டி 1977-ல் அப்படி வோட்டுப் பெற்று உள்ளே நுழைந்தது. பதினோரே வருஷத்தில், 1988-ல், லிவர்பூலைத் தோற்கடித்து எப்.ஏ. கோப்பையைக் கைப்பற்றியது. கதவு திறந்த பிறகும் தடையுண்டு. 1996-ல் ஸ்டீவனேஜ் கோஷ்டி ஐந்தாம் நிலையில் முதலாவதாக வந்தும், மைதானம் விதிக்கு ஒத்ததாக இல்லையென்று ஏறவிடவில்லை.

"அவர்கள் கதை இருக்கட்டும், நம் தேசத்தில்?" என்றான் பையன்.

நம் தேசத்தில் இத்தகைய கோபுரம் முதலில் பிரசித்தி பெற்றது கல்கத்தாவில். 1898-ல் அங்கே லீக் ஆரம்பமானபோது ஆடியவர்கள் வெள்ளைக்காரச் சங்கத்தாரும் பட்டாளத்தாருமே. 1911 ஜூலை 29-ந் தேதி, மோகன் பாகான் கோஷ்டியார், ஒருவர் தவிர மற்றவர்களெல்லாம் வெறுங்காலுடன் ஆடி, கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தை 2-1 என்று ஜயித்து ஐ.எப்.ஏ. கேடயத்தைப் பெற்றதை நேயர்கள் அறிவார்கள். நேயர்கள் அதிகம் அறியாதது, கேடயம் வென்ற அந்தக் கோஷ்டிக்கு அப்போது லீக்கில் இடமே இல்லை என்பது! 1914-ல்தான் இரண்டாம் பிரிவில் சேர்த்தார்கள். அடுத்த வருஷம் முதற் பிரிவுக்கு ஏறியது. அத்துடன் நிற்கவில்லை. முதற் பிரிவில் இந்தியக் கோஷ்டிகள் இரண்டுக்கு மேல் இருக்கலாகாது என்று ஒரு நிபந்தனை! மூன்றாவதாக எவன் எத்தனை கோல் போட்டாலும் படியின் அடியிலேயே நிற்க வேண்டியதுதான். ஆட்டத்தில் தோற்றால் வருந்தலாம். தோலின் நிறத்தால் தோற்பதற்கு என்ன செய்வது?

ஈஸ்ட் பெங்கால் கோஷ்டி இரண்டாம் பிரிவில் முன்னணிக்கு வந்து வாசலில் நின்றபோது இந்தியச் சங்கங்களின் கண்டனம் வலுத்தது; நிபந்தனை தகர்ந்தது. 1925-ல் அவர்கள் முதற் பிரிவில் ஆடினார்கள். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 1934-ல் முதற் பிரிவுக்குப் புதிதாக ஏறிய முகமதன் ஸ்போர்ட்டிங் அவ்வருஷமே பட்டம் பெற்றது. லீக்கை ஜயித்த முதல் இந்தியக் கோஷ்டி அதுவே. 1938 வரையில் ஐந்து வருஷமும் பட்டம் அவர்களிடமே இருந்தது.

இவ்வளவுக்கும் பிறகு, சுதந்திர இந்தியாவில் கதவு திறந்தே இருந்திருக்க வேண்டுமல்லவா? 2014-ல் தோன்றிய இந்தியன் சூப்பர் லீக்கில் ஏறவும் வழியில்லை, இறங்கவும் வழியில்லை. கோயம்புத்தூரில் ஆடிய சென்னை சிட்டி கோஷ்டி 2019-ல் ஐ-லீக் பட்டத்தைப் பெற்றது. அப்பட்டத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொணர்ந்த முதல் கோஷ்டி அது. ஆயினும் மேலே ஏறப் படியில்லை. 2021-22 பருவத்தில் ஐ-லீக்கிலேயே அதைக் காணோம். ஐ-லீக்கில் முதலாவதாக வருபவர் ஏறலாம் என்ற ஏற்பாடு பலன் தந்தது 2023-ல்தான். பஞ்சாப் கோஷ்டி ஏறியது. 2024-ல் ஏறியது யார் தெரியுமா? அதே முகமதன் ஸ்போர்ட்டிங்! கல்கத்தாவில் ஏறித் தொண்ணூறு வருஷங்களுக்குப் பிறகு!

"அங்கே போய் ஜயித்தார்களா?" என்று ஆவலுடன் கேட்டான்.

2024-25 பருவத்தில் பதின்மூன்று பேரில் பதின்மூன்றாவதாக வந்தார்கள் என்றேன்.

"அப்படியானால் இறங்கிவிட்டார்களா?"

"இல்லை. அந்தப் பருவத்தில் இறங்கும் படி கட்டியிருக்கவில்லை."

பையன் திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தான். அதற்குள் நாங்கள் வெகுதூரம் வந்துவிட்டோம். மேல் நிலைகள் மட்டுமே தெரிந்தன.