ஸ்டார்ட்டர் பாயிண்ட் வெள்ளி

மோட்டார் ஸ்டார்ட்டர், கான்டாக்டர், ரிலே ஆகியவற்றில் மின்சுற்றை இணைத்துப் பிரிக்கும் சிறு முனைகள் 'பாயிண்ட்' எனப்படும். இவை பெரும்பாலும் வெள்ளிக் கலவையால் ஆனவை. காய்கறிச் சந்தைக்குப் பெயர்பெற்ற ஒட்டன்சத்திரம் வட்டாரத்தில் கிணற்றுப் பாசனம் மிகுதி. அங்கு கழிக்கப்படும் பம்புசெட் ஸ்டார்ட்டர்களிலும் இவை உண்டு. பழைய இரும்புக் கடையில் பித்தளையோடு எடைக்குப் போட்டால் வெள்ளிக்கு விலை கிடைக்காது.

முனை மட்டுமே வெள்ளி; அதைத் தாங்கும் தகடு செம்பு அல்லது பித்தளை. ஆகவே தகட்டோடு நிறுத்து வெள்ளி விலை கேட்பதும் பொருந்தாது. வெள்ளி-நிக்கல், வெள்ளி-காட்மியம் ஆக்சைடு முனைகளில் பொதுவாக 85 முதல் 90 விழுக்காடு வெள்ளி இருக்கும். பிரேக்கர்களில் வரும் வெள்ளி-டங்ஸ்டன் முனையில் பாதியோ அதற்கும் குறைவோதான். அது சாம்பல் நிறமாக, அரத்துக்கு எளிதில் மசியாததாக இருக்கும்.

கரி படிந்த மேற்பரப்பைத் தேய்த்த பின்பே சோதிக்க வேண்டும். நைட்ரிக் அமிலத்தில் கரைத்து உப்புநீர் விட்டால் தயிர் போன்ற வெண்படிவு தோன்றும். இது வெள்ளி இருப்பதைக் காட்டுமேயன்றி அளவைச் சொல்லாது. விழுக்காடு அறிய நகைச் சோதனை மையங்களின் எக்ஸ்-கதிர் கருவி உதவும்.

உருக்குவதில்தான் ஆபத்து. வெள்ளி ஏறத்தாழ 962 பாகை செல்சியசில் உருகும். காட்மியமோ 767 பாகையிலேயே கொதித்து ஆவியாகும். அப்புகை நுரையீரலைத் தாக்கி உயிரையும் பறிக்கக்கூடும். கடுமையான அறிகுறிகள் சில மணி நேரம் கழித்தே தோன்றுவதால் மூச்சில் போனது உடனே தெரிவதில்லை. முனையை ஒட்டிய பழைய பற்றாசிலும் காட்மியம் இருக்கலாம். எனவே வீட்டில் உருக்காமல், உளியால் முனையைப் பெயர்த்து அப்படியே வெள்ளி சுத்திகரிப்பாளரிடம் விற்பதே தக்கது.