கருத்துக் கணிப்பு: எந்த மூட்டையில் குத்திய ஊசி?
(அமெரிக்க ‘டீ பார்ட்டி’ இயக்கம் சொல்லும் பாடம்)

அரிசி மண்டியில் நூறு மூட்டை வந்து இறங்கினால் நூறையும் பிரித்துக் கொட்டிப் பார்ப்பார் இல்லை. நாலைந்து மூட்டைகளில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் அரிசியைப் பார்த்தே விலை பேசுகிறோம். ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் வாக்கு. தேர்தல் நேரத்தில் வெளிவரும் கருத்துக் கணிப்பும் இதே வேலைதான். ஆயிரம் பேரைக் கேட்டு ஒரு நாட்டின் மனதைச் சொல்கிறார்கள்.

ஊசி சரியான இடத்தில் குத்தப்பட்டிருந்தால் பதம் சரியாக இருக்கும். இல்லையேல் நஷ்டம்தான். அமெரிக்காவில் 2009-ம் ஆண்டு கிளம்பிய ‘டீ பார்ட்டி’ என்ற பழமைவாத எதிர்ப்பியக்கத்தின் பலத்தை அளக்க முயன்றவர்கள் பட்ட பாடு, வணிகர்களாகிய நாமும் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று.

தேயிலைப் பெட்டியில் பிறந்த பெயர்

இந்தப் பெயருக்குப் பின்னால் ஒரு வணிகத் தகராறு இருக்கிறது. நம் நாட்டை ஆண்ட அதே கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தேயிலை விற்காமல் தேங்கிக் கிடந்தது. அதை அமெரிக்கக் குடியேற்றங்களில் நேரடியாக, மலிவாக விற்றுக்கொள்ள 1773-ல் பிரிட்டிஷ் பாராளுமன்றம் சலுகை கொடுத்தது. ஆனால் தேயிலை மீதான வரியை மட்டும் விடவில்லை. உள்ளூர்த் தேயிலை வியாபாரிகளின் பிழைப்பில் மண் விழுந்தது. அந்த ஆண்டு டிசம்பர் 16-ம் தேதி இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் 342 பெட்டித் தேயிலை கடலில் வீசப்பட்டது.

இனி 2009-க்கு வருவோம். 2008-ல் அமெரிக்க வங்கிகள் ஆட்டம் கண்டபோது, அவற்றைக் காப்பாற்ற அரசு 70,000 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அடுத்து 2009 பிப்ரவரியில் 78,700 கோடி டாலர் பொருளாதார ஊக்கத் திட்டம் வந்தது. வீட்டுக் கடன் கட்ட முடியாதவர்களுக்கும் உதவி என்று அறிவிப்பு வந்தது. பிப்ரவரி 19-ம் தேதி, சிகாகோ சந்தைத் தளத்தில் நின்றபடி ரிக் சான்டெல்லி என்ற தொலைக்காட்சிச் செய்தியாளர், அடுத்தவர் கடனை நாம் ஏன் கட்ட வேண்டும் என்று பொரிந்து தள்ளி, சிகாகோவில் ஒரு ‘டீ பார்ட்டி’ நடத்துவோம் என்றார். வருமான வரிக் கணக்கு கொடுக்கக் கடைசி நாளான ஏப்ரல் 15 அன்று நூற்றுக்கணக்கான ஊர்களில் ஆர்ப்பாட்டம் நடந்தது.

இந்த இயக்கத்துக்கு ஒரே தலைவர் கிடையாது. உறுப்பினர் பேரேடும் கிடையாது. பிறகு பலத்தை எப்படி எண்ணுவது? 2009 செப்டம்பர் 12-ல் வாஷிங்டனில் கூடிய கூட்டத்தை, ஆதரவாளர்களில் சிலர் பத்து லட்சத்துக்கும் மேல் என்றார்கள். நகரத் தீயணைப்புத் துறையின் கணக்கோ எழுபதாயிரத்தை ஒட்டித்தான் இருந்தது. கூட்டத்தைப் பார்த்து எண்ணுவது பயனில்லை என்றதும் கணிப்பாளர்கள் களம் இறங்கினார்கள்.

மூன்று எண்கள், மூன்றும் உண்மை

2010 மார்ச் கடைசியில் காலப் நிறுவனம் எடுத்த கணிப்பில், 28 சதவீதம் பேர் தங்களை ஆதரவாளர் என்றார்கள். எதிர்ப்பாளர் என்றவர்கள் 26 சதவீதம். இரண்டு வாரத்துக்குள் நியூயார்க் டைம்ஸ் நாளிதழும் சி.பி.எஸ். தொலைக்காட்சியும் 1,580 பேரிடம் எடுத்த கணிப்பில் ஆதரவாளர்கள் 18 சதவீதம்தான். அந்த 18 சதவீதத்திலும் ஐந்தில் ஒருவர்தான் பணம் கொடுத்தவர் அல்லது கூட்டத்துக்குப் போனவர். மொத்த மக்களில் பார்த்தால் வெறும் 4 சதவீதம்!

28, 18, 4. இதில் எது சரி? மூன்றுமே சரிதான். கேள்வியின் சொற்களும், கேட்கும் வரிசையும், தரப்படும் விடைகளும் மாறினால் எண்ணும் மாறும். ‘நல்ல கடை’ என்று சொல்லிக்கொண்டு போகிறவர் உண்டு. உள்ளே வந்து விலை கேட்கிறவர் உண்டு. பணத்தை எடுத்து வைக்கிறவர் உண்டு. மூவரையும் ‘வாடிக்கையாளர்’ என்று ஒரே கணக்கில் எழுதினால் கல்லா இடிக்காதா?

ஆனாலும் கணிப்பினால் நன்மையும் உண்டு. மேடைப் பேச்சில் வெளிவராத சங்கதிகள் அதில் வெளிவந்தன. வரியை எதிர்த்துப் பிறந்த இயக்கம்தான். என்றாலும் அந்த ஆண்டு தாம் கட்டும் வருமான வரி நியாயமானதே என்று ஆதரவாளர்களில் 52 சதவீதம் பேர் சொன்னார்கள். முதியோர் ஓய்வூதியம், முதியோர் மருத்துவக் காப்பீடு ஆகிய அரசுத் திட்டங்கள் செலவுக்குத் தகுந்த பலன் தருகின்றன என்றவர்கள் 62 சதவீதம். ஆதரவாளர்கள் பெரும்பாலும் 45 வயதைத் தாண்டிய வெள்ளையர்கள், ஆண்கள் அதிகம். நாட்டின் சராசரியைவிடப் படிப்பும் வருமானமும் கூடியவர்கள் என்பதும் தெரிந்தது.

சொல்கிறவர் வேறு, வருகிறவர் வேறு

2010 நவம்பர் தேர்தலில் குடியரசுக் கட்சி கீழ்ச்சபையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தது. வாக்களித்துவிட்டு வெளியே வந்தவர்களிடம் கேட்டபோது, பத்தில் நால்வர் ‘டீ பார்ட்டி’ ஆதரவாளர் என்றார்கள். சில மாதங்களுக்கு முன் 18, 28 என்று இருந்தது எப்படி 40 ஆயிற்று? அதிபர் தேர்தல் இல்லாத அந்த ஆண்டில் தகுதியுள்ளவர்களில் பத்துக்கு நாலு பேர்தான் வாக்களித்தார்கள். கோபம் உள்ளவன் வரிசையில் நிற்பான்; மற்றவன் வீட்டில் இருப்பான். ஊரில் சிறுபான்மை, வரிசையில் பெருங்கூட்டம்!

அதே தேர்தலில் நெவாடா மாநிலத்தில், இயக்கத்தின் ஆதரவு பெற்ற ஷாரன் ஆங்கிள் சில புள்ளிகள் முன்னிலையில் இருப்பதாகப் பெரும்பாலான கணிப்புகள் கூறின. முடிவில் ஹாரி ரீட் 5 புள்ளிகளுக்கு மேல் வித்தியாசத்தில் ஜெயித்தார். ஸ்பானிய மொழி பேசும் வாக்காளர்களைக் கணிப்பாளர்கள் போதிய அளவு எட்டவில்லை என்பது முக்கியக் காரணமாகச் சொல்லப்பட்டது. ஊசி குத்தப்படாத மூட்டைகள் அவை.

34 புள்ளி முன்னிலை என்னவாயிற்று?

எரிக் கேன்டர் என்பவர் கீழ்ச்சபையில் பெரும்பான்மைக் கட்சித் தலைவர். அடுத்த சபாநாயகர் என்று பேசப்பட்டவர். 2014-ல் வர்ஜீனியாவில் கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்வில், டேவ் பிராட் என்ற பொருளாதாரப் பேராசிரியர் அவரை எதிர்த்தார். உள்ளூர் ‘டீ பார்ட்டி’க்காரர்கள் பிராட் பக்கம் நின்றார்கள். கேன்டர் தரப்பு 400 பேரிடம் சொந்தச் செலவில் கணிப்பு எடுத்தது. கேன்டர் 62, பிராட் 28 என்று வந்தது. 34 புள்ளி முன்னிலை!

ஜூன் 10-ம் தேதி வாக்குகளை எண்ணினால், கேன்டர் 11 புள்ளி வித்தியாசத்தில் தோற்றிருந்தார். 400 பேரைக் கேட்டால் 5 புள்ளி ஏறலாம், இறங்கலாம். இங்கே வித்தியாசம் 45 புள்ளி. 2012-ல் சுமார் 47,000 பேர் வாக்களித்த தொகுதியில் இம்முறை 65,000 பேர் வந்தார்கள். எதிர்பாராத அந்தக் கூட்டத்தைக் காட்டித்தான் கணிப்பாளரும் சமாதானம் சொன்னார். வழக்கமாக வருகிறவரை வைத்துப் போட்ட கணக்கு, புதிதாக வந்தவரிடம் தோற்றது.

பின்னர் இயக்கத்தின் பெயர் மங்கியது. காலப் கணிப்பில் 2010 நவம்பரில் 32 சதவீதமாக இருந்த ஆதரவு, 2015 அக்டோபரில் 17 ஆனது. அதற்காகக் கோபம் தணிந்துவிட்டது என்று யாரும் நினைத்தால் தவறு. அந்த ஆதரவாளர்களில் பெரும்பாலோர் 2016-ல் டிரம்ப் பக்கம் நின்றார்கள். லேபிள் மாறியது, சரக்கு விற்பனை நிற்கவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

‘நூற்றுக்கு எழுபது பேர் இதைத்தான் விரும்புகிறார்கள்’ என்று கட்சிக்காரர் சொன்னாலும், புதுச் சரக்கைத் தள்ளிவிட வரும் கம்பெனிப் பிரதிநிதி சொன்னாலும், வணிகப் பெருமக்கள் ஐந்து கேள்விகளைக் கேட்க வேண்டும்.

1. கணிப்புக்குப் பணம் கொடுத்தவர் யார்?

2. யார் யாரைக் கேட்டார்கள்? தலை எண்ணிக்கை மட்டும் போதாது. 1936-ல் ‘லிட்டரரி டைஜஸ்ட்’ என்ற அமெரிக்கப் பத்திரிகை 20 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிலைப் பெற்றும், தோற்றவரையே ஜெயிப்பார் என்று எழுதியது.

3. கேட்ட கேள்வி என்ன? வார்த்தைக்கு வார்த்தை தெரிய வேண்டும்.

4. எப்போது கேட்டது? பழைய மாதிரியை வைத்துப் புதுச் சரக்கு வாங்கலாமா?

5. சொன்னவர்களில் செய்யப் போகிறவர் எத்தனை பேர்?

ஐந்தாவது கேள்வி நம் சங்கத்துக்கும் பொருந்தும். கடையடைப்பு என்று அறிவிக்கும்போது, கூட்டத்தில் கைதூக்கியவர்களைக் கணக்கில் வைத்துத்தான் முடிவு செய்கிறோம். மறுநாள் காலையில் ஷட்டரை இறக்கியே வைத்திருப்பவர் எத்தனை பேர், அன்று கூட்டத்துக்கே வராத கடைக்காரர் என்ன நினைக்கிறார் என்பதையும் முன்கூட்டியே தெருத் தெருவாகக் கேட்டறிவது நல்லது. கேட்காமல் விட்டவர்தான் கணக்கைக் கவிழ்ப்பார்.