உத்தியோகத்துக்கு இடைவெளி விட்டுக் கடல் கடந்து தொண்டு

"சுவாமி, நல்ல சம்பளத்தோட இருந்த மனிசன் அதை விட்டுப்போட்டு எங்கட வாய்க்காலை அளக்க ஏன் வந்தவர்? அங்க ஏதும் பிழை செய்துபோட்டு ஓடி வந்தவரோ?"

மன்னார்ப் பெருநிலப்பரப்பில், மீளக்குடியமர்ந்து இரண்டு போகம்கூடக் கழியாத ஒரு கிராமத்தில், 2012ஆம் ஆண்டு முதிய கமக்காரர் ஒருவர் என்னிடம் கேட்ட கேள்வி இது. பல தடவை இடம்பெயர்ந்த மனிதர் அவர். ஒருவர் தம் வீட்டையும் வேலையையும் தாமாகவே விட்டு வருவார் என்பது அவருக்கு நம்பக்கூடியதாக இருக்கவில்லை.

வந்தவர் ஐரோப்பிய நகரமொன்றின் நீர்வழங்கல் பகுதியில் பொறியியலாளர். வயது 43. ஒரு வருடச் சம்பளமற்ற விடுமுறையில் வந்திருந்தார். முதல் மாதம் முழுவதும் தொப்பியொன்றை மாட்டிக்கொண்டு வாய்க்கால் வரம்பில் நடந்தாரேயன்றி வேறொன்றும் செய்யவில்லை. "வெள்ளைக்காரன் காற்று வாங்குறான்" என்று எம்மவர் முணுமுணுத்தார்கள். உண்மையைச் சொன்னால், எனக்கும் உள்ளூர அதே எண்ணந்தான்.

இரண்டாம் மாதம் மட்டக் கருவியை வைத்து அளக்கத் தொடங்கினார். கடைப்புலத்து வயல்களுக்குத் தண்ணீர் எட்டவில்லை என்பது அங்கே பெரிய வழக்கு. தலைப்புலத்தார் இரவில் வாய்க்காலை மறிக்கிறார்கள் என்று கடைப்புலத்தார் குற்றஞ்சாட்டினார்கள். முகாமில் ஒரே கூடாரத்தின் கீழ் இருந்த குடும்பங்கள்கூட முகம் பாராமல் திரிந்தன. அளந்து பார்த்தபோது, உழவு இயந்திரம் கடப்பதற்காக வாய்க்காலுக்குக் குறுக்கே போட்ட குழாய், அடிமட்டத்துக்கு ஒன்றரைச் சாண் மேலே கிடந்தது தெரியவந்தது. தண்ணீரை மறித்தது மனிதரல்ல, அந்தக் குழாய். சிரமதானம் செய்து அதை இறக்கி வைக்க ஒன்றரை நாள் போதுமாயிருந்தது.

அதே வருடம் வேறொரு குழுவும் வந்தது. பதினான்கு இளைஞர்கள், இரண்டு வாரம். முன்பள்ளிச் சுவருக்கு வர்ணம் பூசினார்கள். முந்திய வருடம் வந்த குழுவும் அதே சுவருக்கே பூசியிருந்தது. பிள்ளைகள் நல்லவர்கள், பாடினார்கள், அழுதுகொண்டு போனார்கள். இந்தப் பயணத்துக்காக ஒரு முகவர் நிலையத்துக்கு அவர்கள் கட்டிய பணத்தில் அந்த முன்பள்ளியைப் புதிதாகவே கட்டியிருக்கலாம் என்பது பிறகே தெரிந்தது. அவர்களைக் குறைசொல்ல மனமில்லை. தேவை என்னவென்று யாரும் எம்மைக் கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை.

இத்தகைய தொண்டு எப்படித் தொடங்கியது என்பதைச் சிறிது பார்ப்போம். 1958இல் இங்கிலாந்தில் அலெக் டிக்சனும் அவர் துணைவியார் மோறாவும் வி.எஸ்.ஓ. என்ற தொண்டர் அமைப்பைத் தொடங்கினார்கள். போட்ஸ்மவுத் நகர அங்கிலிக்கன் ஆயர் ஒருவர் பத்திரிகைக்கு எழுதிய கடிதமே அதற்கு வழிதிறந்தது. முதலில் அனுப்பப்பட்டவர்கள் பாடசாலையை விட்டுப் பல்கலைக்கழகம் புகுமுன் நின்ற பதினெட்டு வயதினர். ஆனால் ஏற்கும் நாடுகள் விரைவிலேயே வேறு விதமாகக் கேட்டன: உற்சாகம் எங்களிடமும் உண்டு, தொழில் தெரிந்தவரை அனுப்புங்கள் என்றன. காலப்போக்கில் அனுபவமுள்ள தாதியர், ஆசிரியர், பொறியியலாளர், கணக்காளரே பெரும்பாலும் அனுப்பப்பட்டனர். அமெரிக்காவில் ஜோன் கென்னடி 1961இல் அமைத்த சமாதானப் படையில் சேவைக்காலம் பயிற்சியோடு சேர்த்து 27 மாதம். அதற்கு உச்ச வயதெல்லை இல்லை. பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜிம்மி காட்டரின் தாயார் லிலியன் 68 வயதில் அதில் சேர்ந்து, இந்தியாவில் பம்பாய்க்கு அருகே தாதியாகப் பணிபுரிந்தார். ஜப்பான் 1965இல் தன் தொண்டர் திட்டத்தைத் தொடங்கியது. அங்கே ஆசிரியர்கள் பதவியை இழக்காமலே போய்வரவும் ஒழுங்கு உண்டு.

அமெரிக்க, ஜப்பானியத் திட்டங்கள் அந்தந்த நாட்டவர்க்கானவை. எல்லா நாட்டவர்க்கும் திறந்திருப்பது ஐக்கிய நாடுகள் தொண்டர் திட்டம். 1970இல் பொதுச்சபை தீர்மானித்து, 1971இல் இயங்கத் தொடங்கியது. 1996இலிருந்து தலைமையகம் ஜேர்மனியின் பொண் நகரில் உள்ளது. தொண்டரிற் பெரும்பான்மையோர் எம்மைப் போன்ற வறிய நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்பதை எம்மவர் பலர் அறியார். இடம்பெயர்ந்தவர் என்றாலே கைநீட்டிப் பெறுபவர் என்று உலகம் எண்ணுகிறது. நாமும் அப்படியே எண்ணப் பழகிவிட்டோம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2012இல் அந்தப் பொறியியலாளருக்கு அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்ற பதினாறு வயதுப் பிள்ளை இன்று விவசாயப் போதனாசிரியை. ஆறேழு வருட உத்தியோகம். சில மாதங்களுக்கு முன் வந்து, "ஃபாதர், நானும் ஒரு வருஷம் லீவு எடுத்து எங்கயாவது போகலாமோ?" என்று கேட்டாள். தாய்க்கு அது பிடிக்கவில்லை. "ஓடி ஓடிக் களைச்சுத்தான் ஊர் வந்தனாங்கள். இனி ஒருத்தரும் பிரிய வேண்டாம்" என்றார். அந்தத் தாயின் சொல்லைத் தட்டிப் பேச எனக்கு வாய் வரவில்லை. ஆயினும் பிள்ளை கேட்டதற்கு அறிந்ததைச் சொன்னேன். இதே எண்ணம் வேறு வீடுகளிலும் இருக்கக்கூடும் என்பதால் இங்கும் எழுதுகிறேன்.

ஐ.நா. திட்டத்தில் அனுபவமுள்ள சர்வதேசத் தொண்டராவதற்கு 27 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும், சில வருடத் தொழில் அனுபவமும் வேண்டும். வாழ்க்கைப்படி, பயணச்செலவு, மருத்துவக் காப்புறுதி தரப்படும். சம்பளம் என்று எண்ணி வீடு கட்டத் திட்டமிடக்கூடாது. விண்ணப்பத்துக்கு ஒரு சதமும் கட்ட வேண்டியதில்லை. பதிவுக்கட்டணம், விசாக் கட்டணம் என்று எவராவது காசு கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள். வெளிநாடு என்ற சொல்லுக்கே காணியை ஈடுவைக்கும் எம்மவரைத் தேடித்தான் தரகர் வருவார்.

விண்ணப்பத்தில்தான் எமது ஆட்கள் சறுக்குகிறார்கள். அந்தப் பிள்ளை முதலில் எழுதியது, "விவசாயத் துறையில் கடமையாற்றுகிறேன்" என்ற ஒரே வரி. எத்தனை கமக்காரர் அமைப்புகளுடன் வேலை, எத்தனை ஏக்கர், எந்தப் பூச்சித் தாக்கத்தில் என்ன செய்தாய் என்று கேட்டுக் கேட்டு எழுதுவித்தேன். முகாமில் சிறுமியாக இருந்தபோது நிவாரண அட்டைப் பதிவுக்கு உதவியதையும் சேர்க்கச் சொன்னேன். வெட்கப்பட்டாள். வரிசையில் நின்றவருக்குத்தான் வரிசையை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று தெரியும். அகதிகளோடு பணிபுரியும் நிறுவனத்துக்கு அது அனுபவமன்றி வேறென்ன?

விடுமுறை அடுத்த சிக்கல். 2022 பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர் ஐந்து வருடம் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அரசாங்கம் வழிவிட்டது. உழைத்துப் பணம் அனுப்புவதற்காக வந்த ஒழுங்கு அது. சுற்றறிக்கைகள் மாறுபவை. ஆகவே திணைக்களத்திடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் பெறும்வரை எதிலும் ஒப்பமிடக்கூடாது. ஓய்வூதியத்துக்கு அந்தக் காலம் கணக்கிடப்படுமா, சேவைமூப்பு என்னாகும் என்பவற்றையும் கேட்க வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியம் கடன். சம்பளம் நின்றால் தவணைக் கழிப்பும் நிற்கும். பிறகு கடிதம் போவது பிணைநின்ற அப்பாவிக்கு.

போகும் இடத்தில் யார் பொறுப்பு, வேலை எது, தான் வந்தபின் அதை யார் தொடர்வார் என்று கேட்கவும் சொன்னேன். அநாதை இல்லங்களென்றால் இன்னும் அவதானம் தேவை. கம்போடியாவில் 2005க்கும் 2010க்கும் இடையில் அத்தகைய இல்லங்கள் 75 வீதத்தால் பெருகின. அங்கிருந்த பிள்ளைகளிற் பெரும்பாலானோர்க்குப் பெற்றோரில் ஒருவராவது உயிருடன் இருந்தனர். வருகை தரும் தொண்டரும் அவர்தம் பணமுமே அவ்வில்லங்களை வளர்த்தன.

காலபோக விதைப்பு முடிந்த பிறகு பேசுவோம் என்று தாய் சொல்லியிருக்கிறார். மறுப்பு அல்ல, சம்மதமும் அல்ல. பிள்ளை இதற்கிடையில் நற்சாட்சிக் கடிதம் கேட்டு அந்தப் பழைய பொறியியலாளருக்கு எழுதினாள். கடிதம் வந்தது. அடியில் ஒரு வரி: குழாய் இறக்கிய இடத்திலேயே இருக்கிறதா? அடுத்த நாள் காலை அவள் போய் அளந்தாள். குழாய் அசையவில்லை. ஆனால் அதற்கப்பால் வாய்க்காலில் அரைவாசித் தூரம் சல்வீனியா மண்டிக்கிடந்தது. அதையும் சேர்த்தே பதில் எழுதியிருக்கிறாள்.