ஒரு நாள் காரில் செம்மணல் தேரிக்கு

பாலைவனம் பார்க்க ராஜஸ்தானுக்குத்தான் போகவேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். தேனியிலிருந்து காரில் ஒரே நாளில் போய்த் திரும்பும் தூரத்தில், திருச்செந்தூர் பக்கம் தேரிக்காடு இருக்கிறது. மழையே காணாத பாலைவனம் அல்ல; ஆனால் மேடும் பள்ளமுமாகக் கண்ணுக்கு எட்டிய வரை செம்மணல். கருப்பட்டி கொள்முதல் செய்யும் வணிகர்கள் ஒருமுறையாவது பார்க்கவேண்டிய பூமி.

ஞாயிறு விடுமுறையில் அதிகாலை 4 மணிக்கு நண்பர்கள் நால்வர் புறப்பட்டோம். ஆண்டிபட்டி, உசிலம்பட்டி, மதுரை, அருப்புக்கோட்டை, எட்டயபுரம் வழியாகத் தூத்துக்குடி; அங்கிருந்து உப்பளங்களையும் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களையும் பார்த்தபடி திருச்செந்தூர். போக மட்டும் சுமார் 250 கிலோமீட்டர். முருகனைத் தரிசித்துவிட்டு மேற்கே காயாமொழி ரோட்டில் சென்றோம். சிறிது தூரத்திலேயே தேரி வந்துவிட்டது.

மணலில் உள்ள இரும்புச் சத்தே இந்தச் சிவப்புக்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று மலைக்கு அந்தப்புறம் மழையைக் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட காற்றாக வீசுகிறது. அது நெடுங்காலமாக வாரிக்கொண்டு வந்த செம்மண் குவிந்ததே தேரி என்கிறார்கள். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவதும் இதே பருவக்காற்றில்தான்.

நம் கம்பம் பள்ளத்தாக்கும் மழை மறைவுப் பகுதியே. 1895-ல் பெரியாற்று அணை திறக்கப்பட்டதால் நமக்கு நெல்லும் திராட்சையும் விளைகின்றன. தேரிக்கு அப்படி ஓர் ஆறு வாய்க்கவில்லை. வாய்த்தது பனை.

உடன்குடிக் கருப்பட்டி இந்த மணலில் நிற்கும் பனையின் சரக்கு. சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்கி, காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிறார்கள். பனையேறி காலையும் மாலையும் ஒவ்வொரு மரமாக ஏறி இறங்கவேண்டும். பனையை வெட்ட கலெக்டர் அனுமதி வேண்டும் என்று தமிழக அரசு 2021-ல் அறிவித்தது நல்ல காரியம். ஆனால் மரம் நின்றால் போதுமா? ஏற ஆள் வேண்டுமே. வருமானம் போதாமல் இளைஞர்கள் வேறு வேலைக்குப் போய்விடுகிறார்கள்.

இதில் நமக்கும் பங்கு உண்டு. சீனிப்பாகு கலந்த சரக்கு கருப்பட்டி என்ற பெயரில் மொத்தக் கடைகளுக்கு வருவது நாம் அறிந்ததே. கிலோவுக்குச் சில ரூபாய் குறைகிறது என்று அதை வாங்கி அடுக்கினால், அசல் சரக்கு காய்ச்சுகிறவர் அடுப்பை அணைத்துவிடுவார். நம் கம்பம் பன்னீர் திராட்சையைப் போலவே உடன்குடிக் கருப்பட்டியும் புவிசார் குறியீடு பெற்ற பொருள். நம் திராட்சைக்கு நாம் கேட்கும் நியாயத்தை அதற்கும் கொடுப்போம். அசலையும் கலப்பையும் தனித்தனியே வைத்து, உண்மையைச் சொல்லி விற்றால் வாடிக்கையாளர் நம்பிக்கை நிலைக்கும்.

போக விரும்புவோர் பங்குனி, சித்திரையில் போனால் பதநீர் காய்ச்சுவதைப் பார்க்கலாம். ஆனி, ஆடியில் மணல் கண்ணில் அடிக்கும். காரைத் தார் ரோட்டை விட்டு இறக்கவேண்டாம், சக்கரம் புதைந்துவிடும். குடிதண்ணீர் தாராளமாக எடுத்துச் செல்லுங்கள். திரும்பும்போது உடன்குடியில் காய்ச்சுமிடத்திலேயே கருப்பட்டி வாங்குங்கள். அசலின் ருசி நாக்கில் பழகிவிட்டால், கலப்புச் சரக்கைக் கண்டுபிடிப்பது சுலபம்.