நாளைய அணி இன்று எங்கே விளையாடுகிறது?

மலேசிய ஹாக்கியைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் தேசிய அணியின் வெற்றி தோல்வியோடு தொடங்கி அதனோடு முடிந்துவிடுகிறது. ஆயினும், ஓர் அணி இன்னும் 5 ஆண்டுகளில் எந்நிலையில் இருக்கும் என்பதை அறிய விரும்புவோர் கவனிக்க வேண்டியவை, பள்ளித் திடல்களிலும் இளையோர் லீக்கிலும் பல்கலைக்கழக அணிகளிலும் 15 முதல் 21 வயது வரையிலானோர் ஆடும் ஆட்டங்களே ஆகும். அந்த ஆட்டங்களுக்குக் கூட்டம் சேர்வதில்லை. தொலைக்காட்சி நேரலையும் அரிது. எனினும் தேசிய அணியின் தலைவிதியின் பெரும்பகுதி அங்கேதான் எழுதப்படுகிறது என்பதால், வளரும் வீரர்களைத் தொடர்ந்து கவனித்து வருவது விளையாட்டை நேசிக்கும் எந்தச் சமூகத்துக்கும் ஒரு கடமையாகவே கருதத்தக்கது.

இத்தகைய தொடர் கவனிப்பு ஒரு பண்பாடாகவே வேரூன்றிய இடம் வட அமெரிக்கா. அங்குள்ள ஐஸ் ஹாக்கியில், 32 குழுக்களைக் கொண்ட தேசிய ஹாக்கி லீக் ஆண்டுதோறும் ‘டிராஃப்ட்’ என்னும் தெரிவை நடத்துகிறது. இதில் ஒவ்வொரு குழுவும் முறை வைத்து, பெரும்பாலும் 18 வயதை ஒட்டிய இளைஞர்களை, 7 சுற்றுகளில் தேர்ந்தெடுத்து அவர்கள்மீது ஒப்பந்த உரிமை பெறுகிறது. தெரிவு பெற்றவர்களுள் மிகச் சிலரே உடனடியாக முதன்மை அணியில் ஆடுகின்றனர். ஏனையோர் கல்லூரி அணிகளுக்கோ இளையோர் லீக்குகளுக்கோ சென்று, பின்னர் முதன்மை லீக்குக்கு அடுத்த படியிலுள்ள அமெரிக்க ஹாக்கி லீக்கில் சில ஆண்டுகள் பக்குவமடைகின்றனர். அக்காலம் முழுவதும் அவர்களைத் தெரிவு செய்த குழுவின் ரசிகர்கள், எந்த இளைஞன் எந்தக் கல்லூரியில் எப்படி ஆடுகிறான் என்பதை வாரந்தோறும் அறிந்து வைத்திருக்கின்றனர். ஆகவே முதன்மை அணியில் ஒருவன் கால் வைக்கும்போது அவன் மக்களுக்குப் புதியவனாக இருப்பதில்லை.

திடலில் ஆடப்படும் மலேசிய ஹாக்கியில் டிராஃப்ட் முறை கிடையாதெனினும், வீரன் ஏறிவர வேண்டிய படிகள் தெளிவாகவே உள்ளன. முதற்படி, மலேசியப் பள்ளிகள் விளையாட்டு மன்றம் மாவட்டம், மாநிலம், தேசியம் என மூன்று நிலைகளில் வயதுப் பிரிவு வாரியாக நடத்தும் போட்டிகள். அவற்றில் கண்ணில் படும் மாணவர்களுக்கு, 1996இல் தொடங்கப்பட்ட புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, ஜொகூர் பண்டார் பெனாவாரில் உள்ள துங்கு மக்கோத்தா இஸ்மாயில் விளையாட்டுப் பள்ளி போன்ற விடுதியோடு கூடிய பள்ளிகள் இடமளித்து, படிப்பையும் பயிற்சியையும் ஒரே வளாகத்தில் வழங்குகின்றன. அடுத்த படி மலேசிய இளையோர் ஹாக்கி லீக். இதில் பள்ளிகளும் மாநிலங்களும் களமிறக்கும் அணிகளோடு, விளையாட்டுப் பள்ளி மாணவர்களைக் கொண்ட ‘தண்டர்போல்ட்ஸ்’ அணியும் மோதுகிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை மாநிலங்களுக்கிடையே நடைபெற்றுவரும், 1986இல் தொடங்கிய ‘சுக்மா’ எனும் மலேசிய விளையாட்டு விழா மற்றொரு படி. இவற்றின் உச்சியில் இருப்பது 1987 முதல் நடைபெறும் மலேசிய ஹாக்கி லீக். இங்கு தெனாகா நேஷனல், ஆயுதப்படை, காவல்துறை போன்ற நிறுவன அணிகளோடு யுனிகேஎல் எனப்படும் கோலாலம்பூர் பல்கலைக்கழகம், செர்டாங்கின் புத்ரா மலேசியா பல்கலைக்கழகம் ஆகியவற்றின் அணிகளும் ஆடியிருக்கின்றன. பல்கலைக்கழக அணிகளின் இருப்பு இங்கு முக்கியமானது. 18 வயதில் பள்ளியை விட்டு வெளியேறும் ஒருவன் படிப்பையும் ஆட்டத்தையும் சேர்த்துத் தொடர அவையே வாய்ப்பளிக்கின்றன.

இந்தப் படிகள் செம்மையாக இருந்தால் என்ன விளையும் என்பதை அண்மைக் கால வரலாறே காட்டுகிறது. 2012இல் இளையோர் ஆசியக் கிண்ணத்தை வென்ற மலேசியாவின் 21 வயதுக்குட்பட்டோர் அணி, பயிற்றுநர் கே. தர்மராஜின் வழிகாட்டலில் 2013இல் புதுடில்லியில் நடந்த இளையோர் உலகக் கிண்ணத்தில் நான்காம் இடம் பெற்றது. பல ஆண்டுகள் ஒன்றாகப் பயிற்சி பெற்றுப் பழகிய அந்தத் தலைமுறையைச் சேர்ந்த சிலரே, 2018ஆம் ஆண்டு ஜாகர்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியின் அரையிறுதியில் இந்தியாவை ஷூட் அவுட்டில் வீழ்த்திய தேசிய அணியிலும் இருந்தனர். ஷூட் அவுட் என்பது, ஆட்டம் சமநிலையில் முடிந்தால் ஒவ்வோர் அணியிலிருந்தும் ஒருவர் பின் ஒருவராக, 8 விநாடிக்குள் பந்தை ஓட்டிச் சென்று கோல் காவலரை மட்டுமே எதிர்கொண்டு கோல் அடிக்க முயலும் முறையாகும். அதே போட்டியின் இறுதியாட்டத்தில் ஜப்பானுடன் 6-6 எனச் சமன் கண்டு ஷூட் அவுட்டில் தோற்றதால், தங்கத்தோடு டோக்கியோ ஒலிம்பிக் நுழைவும் மலேசியாவுக்குக் கைநழுவியது. 2000ஆம் ஆண்டு சிட்னிக்குப் பிறகு மலேசிய ஆடவர் ஹாக்கி அணி ஒலிம்பிக்கில் ஆடவில்லை என்பதை எண்ணும்போது, அந்த இழப்பின் கனம் விளங்கும்.

இந்த வரலாற்றில் தமிழர்களின் பங்கு சிறிதன்று. 1975இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கிண்ணத்தில், நெதர்லாந்தை வென்று அரையிறுதியை எட்டி, கூடுதல் நேரத்தில் 3-2 என இந்தியாவிடம் தோற்று, இறுதியில் நான்காம் இடம் பெற்ற மலேசிய அணிக்குத் தலைமை தாங்கியவர் என். ஸ்ரீ சண்முகநாதன்; எம். மகேந்திரன், ஆர். பத்மராஜா ஆகியோரும் அதே அணியில் ஆடினர். 1979இல் பிறந்து, 300க்கும் மேற்பட்ட அனைத்துலக ஆட்டங்களில் கோலைக் காத்த எஸ். குமார், மேற்சொன்ன 2018 அரையிறுதியில் ஷூட் அவுட்டில் இந்தியரைத் தடுத்து நிறுத்தியபோது அவருக்கு 38 வயது. 2023 ஆகஸ்ட் 12 அன்று சென்னை மேயர் இராதாகிருஷ்ணன் விளையாட்டரங்கில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் கிண்ண இறுதியாட்டத்தில், இடைவேளையின்போது 3-1 என முன்னிலை பெற்றுப் பின்னர் 4-3 என இந்தியாவிடம் தோற்ற மலேசிய அணியின் பயிற்றுநரும் அருள் அந்தோணி என்ற மலேசியத் தமிழரே. அவர்கள் யாவரும் ஏதோ ஒரு பள்ளித் திடலில், யாரோ ஓர் ஆசிரியரின் கண்ணில் பட்டுத் தொடங்கியவர்கள் என்பதையும், அந்தத் தொடக்கங்கள் இன்றும் நிகழ வேண்டும் என்பதையும் சமூகம் நினைவில் வைத்திருக்க வேண்டும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தத் தொடக்கம் எப்படி நிகழக்கூடும் என்பதைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். கிள்ளானுக்கு வடக்கே, ஒரு காலத்தில் தோட்டங்கள் சூழ்ந்திருந்து இன்று தொழிற்பேட்டைகளும் வீடமைப்புப் பகுதிகளும் நிறைந்துள்ள மேருவில் தமிழ்ப்பள்ளி ஒன்றில் படிக்கும் சிறுமியோ சிறுவனோ முதன்முதலில் ஹாக்கி மட்டையைப் பிடிப்பது பெரும்பாலும் புல்திடலில்தான். அனைத்துலக ஆட்டமோ, ஏறக்குறைய 91 மீட்டர் நீளமும் 55 மீட்டர் அகலமும் உடைய செயற்கைப் புல்தரையில் நடைபெறுகிறது. அதில் பந்து புல்திடலைவிட மிக வேகமாகவும் நேராகவும் ஓடுவதால், பந்தை முதன்முறையில் கட்டுப்படுத்தும் கைத்திறனும் முடிவெடுக்கும் வேகமும் இளம் வயதிலேயே அந்தத் தரையில் பழகியவருக்கே எளிதில் வாய்க்கின்றன. செயற்கைத் தரையுள்ள அரங்கை எட்டவோ, கூட்டரசு நெடுஞ்சாலை வழியே புக்கிட் ஜாலில் தேசிய ஹாக்கி அரங்கம் வரை செல்லவோ வாகனமும் நேரமும் பெற்றோரின் ஒத்துழைப்பும் வேண்டும். வேலை நேரம் மாறி மாறி வரும் தொழிற்சாலைக் குடும்பங்களுக்கு இம்மூன்றும் ஒருசேர அமைவது எளிதன்று. பிரிக்ஃபீல்ட்ஸ் போன்ற நகர்ப்பகுதிகளில் அரங்கங்கள் அருகிலிருப்பினும் நிலத்தின் விலை காரணமாகப் பள்ளிகளுக்குத் திறந்தவெளி குறைவாகவே வாய்க்கிறது.

இத்தடைகளைத் தாண்டி வரும் வீரர்களும் விலகிப்போகும் இடங்களை மூன்றாக வகுக்கலாம். முதலாவது, 12 வயதில் தமிழ்ப்பள்ளியிலிருந்து இடைநிலைப்பள்ளிக்கு மாறும் கட்டம். புதிய பள்ளியில் ஹாக்கி அணி இல்லையெனில், ஆரம்பப்பள்ளியில் பெற்ற பயிற்சி அங்கேயே நின்றுவிடும். இரண்டாவது, ஐந்தாம் படிவத்தில் எஸ்.பி.எம். தேர்வெழுதும் ஆண்டு. அப்போது பெற்றோர் பலர், மட்டையைக் கீழே வைத்துவிட்டுப் புத்தகத்தை எடுக்குமாறு பிள்ளைகளை வற்புறுத்துகின்றனர். மூன்றாவதும் மிகக் கடினமானதும், 18 முதல் 21 வரையிலான ஆண்டுகள். இளையோர் லீக்குக்கு வயது கடந்துவிட்டதாலும் முதன்மை அணியில் இடம் இன்னும் கிடைக்காததாலும் வீரன் இடைவெளியில் சிக்கிக்கொள்கிறான். பல்கலைக்கழக இடமோ நிறுவன அணியின் வேலைவாய்ப்போ கிடைக்காதவன், ஆட்டத்தில் குறையேதும் இல்லாதபோதிலும், வருமானம் தேடி ஆட்டத்தை விட்டு வெளியேற நேரிடுகிறது. வட அமெரிக்க முறை இதே வயதினரைத்தான் ஒப்பந்த உரிமையால் குழுக்களோடு பிணைத்துக் கல்லூரிகளிலும் கீழ்நிலை லீக்குகளிலும் பாதுகாத்து வைக்கிறது. இந்த வேறுபாடே மலேசிய ஹாக்கி ஆழ்ந்து எண்ண வேண்டிய செய்தியாகும்.

இளம் வீரர்களைப் பின்தொடர்வோர் அவர்களை எவ்வாறு மதிப்பிட வேண்டும் என்பதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று. கோல் எண்ணிக்கை எளிதில் கண்ணில் படும் அளவுகோலாயினும், அது ஏமாற்றவும் கூடும். உடல் விரைவாக வளர்ந்த 15 வயதினன் தன் வயதினரைத் தள்ளிக்கொண்டு ஓடிக் கோலடிக்கக்கூடுமெனினும், 20 வயதில் மற்றவர்களும் அதே உயரத்தை அடைந்ததும் அவனது மேன்மை மறைந்துவிடலாம். 1985இல் ரோஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த மாதங்களை ஆராய்ந்தபோது, வயதுக் கணக்கு ஜனவரி முதல் நாளில் தொடங்குவதால் ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தோர் அணிகளில் அளவுக்கு மீறி இடம்பெற்றிருப்பதைக் கண்டனர். ஆண்டின் இறுதியில் பிறந்த பிள்ளை, திறமை குறைந்திருப்பதாலன்றி, சில மாதங்கள் இளையதாக இருப்பதாலேயே ஒதுக்கப்படுகிறது என்பது இதன் பொருள். ஆகவே தேர்வாளரும் பெற்றோரும் பார்க்க வேண்டியவை, பந்து தன்னிடம் இல்லாதபோது வீரன் எந்த இடத்தில் நிற்கிறான், தவறு செய்தபின் எவ்வளவு விரைவில் தற்காப்புக்குத் திரும்புகிறான், நெருக்கடியில் யாருக்குப் பந்தைக் கொடுக்கிறான் என்பன போன்ற நிலைத்த குணங்களே ஆகும். மேலும், கோல் காவலர்கள் மற்றவர்களைவிடத் தாமதமாகவே முதிர்ச்சி பெறுவர் என்பதால், 17 வயதில் தேர்வு பெறாத காவலரைக் கைவிடுவது அவசரமாகவே முடியும்.

இளம் வீரர்களைக் கண்டு வளர்ப்பதில் தமிழ்நாட்டின் கோவில்பட்டி நல்லதோர் எடுத்துக்காட்டைத் தருகிறது. பெருநகர வசதிகள் ஏதுமில்லாத அந்த ஊரில் நெடுங்காலமாக ஹாக்கி ஊர்மக்களின் ஆட்டமாக நிலைத்து, இலட்சுமி அம்மாள் நினைவு அகில இந்தியப் போட்டி நடைபெற்றுவந்ததோடு, தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் சிறப்புப் பயிற்சி மையமும் அங்கே அமைந்தது. அம்மையத்தில் உருவான கார்த்தி செல்வமும் மாரீஸ்வரன் சக்திவேலும் 2022ஆம் ஆண்டு ஜாகர்த்தா ஆசியக் கிண்ணத்தில் இந்தியாவுக்காக ஆடினர். விடுதி, நிலையான பயிற்றுநர், பார்க்க வரும் ஊர்மக்கள் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் கூடும்போது சிற்றூரும் தேசிய வீரர்களைத் தர முடியும் என்பதையே இது நிறுவுகிறது.

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சமூகத்திடம் விடுதிகள் இல்லையெனினும், பார்க்க வரும் மக்களும் உதவும் கைகளும் உண்டு. முன்னாள் மாணவர் சங்கங்கள் தத்தம் பள்ளி அணிக்கு மட்டைகளும், கோல் காவலருக்கான தற்காப்புக் கவசங்களும் வாங்கித் தரலாம். கோயில் நிர்வாகங்களும் பொது இயக்கங்களும் பயிற்சிக்குச் செல்லும் பிள்ளைகளுக்கு வாகன ஏற்பாடு செய்யலாம். தமிழ் நாளேடுகள் இளையோர் லீக்கின் ஆட்ட முடிவுகளையும் தமிழ் இளைஞர்களின் முன்னேற்றத்தையும் தொடர்ந்து வெளியிடலாம். இவை யாவற்றையும்விட முதன்மையானது, 18 வயதில் இடைவெளியில் நிற்கும் வீரனுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பத்திலும் விளையாட்டு உதவிநிதி தேடுவதிலும் வழிகாட்ட ஒருவர் இருப்பதாகும். ஸ்ரீ சண்முகநாதனின் அணி உலகின் நான்காம் இடத்தை எட்டி அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அத்தகைய அணி மீண்டும் எழுமானால், அதில் ஆடப்போகிறவர்கள் இப்போது பள்ளி அணிகளிலும் இளையோர் லீக்கிலும்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர்களையும் பள்ளிகளையும் அறிந்து, ஆட்டங்களுக்கு நேரில் சென்று ஊக்கமளிக்க வேண்டிய காலம், அவர்கள் தேசியச் சீருடை அணிவதற்கு முந்தைய இந்த ஆண்டுகளே ஆகும்.