கோபாலகிருஷ்ண பாரதியாரும் இசைக் கலப்பும்

இசையில் தூய்மையே வேண்டுமென்பர் ஒருசாரார். கலப்பே வளர்ச்சியென்பர் மற்றொருசாரார். தாமே இயற்றித் தாமே பாடிப் பலவகை இசைகளையும் ஒன்றாக இணைத்த ஒருவரின் வாழ்க்கையைக் கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வாம். அவரே 19ஆம் நூற்றாண்டிற் சோழநாட்டில் வாழ்ந்த கோபாலகிருஷ்ண பாரதியார்.

நரிமணத்திற் பிறந்த பாரதியார், முடிகொண்டான், ஆனைதாண்டவபுரம், மாயூரம் ஆகிய ஊர்களில் வாழ்ந்தார். இல்லறம் புகாது வேதாந்தமும் யோகமும் பயின்றார். கருநாடக இசையிற் சிறந்த அவர், திருவிடைமருதூரில் இராமதாசர் என்பாரிடம் இந்துஸ்தானி இசையையும் கற்றார். அருணாசலக் கவிராயரின் இராம நாடகம் கதையைக் கீர்த்தனையாற் கூறும் வழியை முன்னரே வகுத்திருந்தது. பாரதியார் அவ்வழியை விரித்தார். அவரது நந்தனார் சரித்திரத்திற் செவ்விய இராகங்களோடு சிந்தும், நொண்டிச் சிந்தும், இருசொல் அலங்காரமும், விருத்தமும் கலந்து வருகின்றன. வயலிற் பாடும் மெட்டும் அவையிற் பாடும் மெட்டும் ஒரே நூலில் அருகருகே அமர்ந்தன.

கதையிலும் அவர் புதுமை செய்தார். சேக்கிழார் பாடிய திருநாளைப்போவாருக்கு ஆண்டை எவருமில்லர். பாரதியாரோ வேதியர் ஒருவரைப் படைத்து, நாற்பது வேலி நிலத்தை அறுவடை செய்தபின்னரே தில்லைக்குச் செல்லலாம் என்று அவரைக் கூறவைத்தார். புராணத்தில் இல்லாத அவ்வேதியரின் வாயிலாகப் பண்ணையாளின் துயர் இசையேறியது. இதனாலேயே இந்நூல் பத்திநூலாக மட்டும் நின்றுவிடவில்லை.

புலவருலகம் இதனை எளிதில் ஏற்கவில்லை. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கண வழுக்களைக் கண்டு சிறப்புப் பாயிரம் அளிக்கத் தயங்கினார். பின்னர், திண்ணையிலமர்ந்து பாரதியார் பாடியதைக் கேட்டு உளமுருகி அதனை அளித்தாரென்பர். எனினும், பிள்ளையிடம் கற்ற உ. வே. சாமிநாதையர் பாரதியாரிடம் இசை பயின்றதைப் பிள்ளை விரும்பாமையால், அப்பயிற்சி இடையிலே நின்றது. ஒரே ஊரில் இருபெரியார் வாழ்ந்தும், இயலும் இசையும் முழுதும் இணங்கவில்லை. பிற்காலத்திற் பாரதியாரின் வரலாற்றை எழுதியவர் அச்சாமிநாதையரே என்பது மகிழ்தற்குரியது.

காரைக்காலிலிருந்த சீசே என்னும் பிரெஞ்சு அதிகாரியின் ஆதரவால் நூல் அச்சேறியது. தஞ்சாவூர்க் கிருஷ்ண பாகவதர் அதனைக் கதாகாலட்சேபமாகப் பரப்பினார். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும், 1942இல் தண்டபாணி தேசிகரும் திரைப்படங்களில் நந்தனாராக நடித்தனர்.

இவ்வரலாறு மட்டக்களப்பாராகிய நமக்கும் உரியது. நம் வடமோடி, தென்மோடிக் கூத்துக்களிலும் விருத்தமும் தருவும் வசனமும் கலந்தே வருகின்றன. பழுகாமத்தில் மாணவனொருவன் எழுதிவந்த தருவொன்றிற் சீர் பிழைத்ததென்று யான் சிவப்பு மையாற் கோடுகள் இட்டதுண்டு. மறுநாள் அவனே மத்தளத்திற்கு இசைய அதனைப் பாடக் கேட்டபோது, நீண்ட சீர் தாளத்துள் அடங்கிற்று, நாணினேன். பின்னர் அவன் வேறு தரு எழுதிவரவில்லை.

இலக்கணம் வேண்டாவென்பது என் கருத்தன்று. பாரதியாரின் கலப்பு, அறியாமையிற் பிறந்ததன்று. இருவகை இசையையும் முறையாகக் கற்றபின் பிறந்தது. ஆதலின் மாணாக்கர் முறையாகக் கற்பாராக. ஆசிரியராகிய நாம், கோடிடுமுன் ஒருமுறை பாடக் கேட்போமாக.