பேசும் கரடியும் மறைவில் இருப்பவரும்

எனக்கு அப்போது ஏழு வயது. காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். ஊசியோடு வந்தவர், "எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும், தம்பி" என்றார். கடித்தது எறும்பு அன்று, குளவி! மறுநாள் அவர் தலை வாசலில் தெரிந்ததுமே கட்டிலுக்கடியில் புகுந்து கொண்டேன். வலியைவிட, பொய் சொல்லிவிட்டாரே என்ற கோபமே பெரிதாக இருந்தது.

இந்தப் பழங்கதையைக் கிளறக் காரணம் உண்டு. நோயுற்ற குழந்தைகளுக்கு யந்திரப் பொம்மைகளைத் துணையாக வைக்கிறார்கள் என்ற பேச்சு விடுதியில் எழுந்தது. "குழந்தையை ஏமாற்ற இன்னொரு வழி!" என்று நண்பரொருவர் ஒரே போடாகப் போட்டார். நானும் அப்படித்தான் எண்ணினேன். படித்துப் பார்த்தபின் விஷயம் வேறாக இருக்கக் கண்டேன்.

கனடாவிலுள்ள கால்கரி சர்வகலாசாலையில் டான்யா பெரன் அம்மையாரும் குழுவினரும் செய்த ஆராய்ச்சி 2013-இல் வெளிவந்தது. 4 முதல் 9 வயது வரையுள்ள 57 குழந்தைகளுக்கு இன்புளூயன்சா தடுப்பூசி போடப்பட்டது. ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல் நர்ஸ் மட்டும். மற்றவர்களுக்குப் பக்கத்தில் 'நாவோ' என்ற யந்திரப் பிள்ளை. உயரம் இரண்டடிக்குச் சற்றுக் குறைவு. ஊசி இறங்கும் நேரத்தில் அது, பொம்மை வாத்தின் மேல் படிந்த தூசியை ஊதிவிடும்படி குழந்தையைக் கேட்கும். வேடிக்கைபோல் தோன்றினாலும் இதில் சூட்சுமம் இருக்கிறது. மூச்சை வெளியே விடும்போது இறுகிய தசை தளர்கிறது. கவனமும் கையை விட்டு வாத்துக்குப் போகிறது. யந்திரம் அருகிலிருந்த குழந்தைகளிடம் வலியும் கலக்கமும் குறைவாகவே காணப்பட்டன. வலிக்காது என்று அது சாதிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

என்னை அதிகம் கவர்ந்தது 'ஹக்கபிள்' என்ற நீலக் கரடிக்குட்டிதான். கட்டி அணைக்கத் தக்கது என்பது பெயரின் பொருள். அமெரிக்காவில் மாசசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில், ஸிந்தியா பிரஸீல் அம்மையாரின் குழுவில் உருவானது. இதைப் பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் 3 முதல் 10 வயது வரையுள்ள 54 குழந்தைகளிடம் சோதித்து, முடிவை 2019-இல் வெளியிட்டார்கள். குழந்தைகளைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு யந்திரக் கரடி. இன்னொன்றுக்கு அதே கரடி திரையில் உருவமாக. மூன்றாவதற்குச் சாதாரணப் பஞ்சுக் கரடி. மற்றவர்களைவிட யந்திரக் கரடியோடு இருந்தவர்களே அதிகக் களிப்போடும் இணக்கத்தோடும் காணப்பட்டார்கள்.

இங்கே ஒரு ரகசியம். கரடி தானாகப் பேசவில்லை! குழந்தைகளின் பயம் தெளிவிப்பதையே தொழிலாகப் பயின்ற ஊழியர் ஒருவர், மறைவிலிருந்து அதை ஆட்டுவித்துப் பேசினார். நம் பொம்மலாட்டக்காரர் திரைக்குப் பின்னே நிற்பாரே, அதே வித்தைதான். திரையில் தெரிந்த கரடிக்கும் பின்னே மனிதர் இருந்தார். ஆகவே வித்தியாசம் பேச்சில் இல்லை, உடம்பில் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் திருப்பி, தொட்டால் தொடுவதற்கு இருக்கும் ஒன்றைக் குழந்தை தோழனாகக் கொள்கிறது. வெள்ளைச் சட்டைக்காரரிடம் சொல்லாததைத் தோழனிடம் சொல்லக்கூடும் அன்றோ?

ஜப்பானியரான ஷிபாத்தாவின் 'பாரோ' என்ற கடல்நாய்க்குட்டியோ பேசுவதே இல்லை. தடவினால் முனகும், கண் சிமிட்டும். நாய், பூனை என்றால் உண்மையானதோடு ஒப்பிட்டுக் குறை காண்பார்கள். கடல்நாயோடு பழகியவர் யார்? அதனால்தான் அந்த உருவமாம். கெட்டிக்கார யோசனை!

குறைகளும் உண்டு. விலை அதிகம். ஒரு குழந்தை அணைத்ததை இன்னொன்றிடம் தருமுன் கிருமி நீங்கச் சுத்தம் செய்தாக வேண்டும். ரோமம் அடர்ந்த பொம்மையில் அது எளிதன்று. ஊழியர் தொகையைக் குறைக்க இது வழி என்று எந்த நிர்வாகியாவது நினைத்தால், மறைவில் இருந்த மனிதரை அவர் மறந்துவிட்டார் என்றே சொல்வேன்.

நண்பரிடம் இவ்வளவும் சொன்னேன். "சரி, அந்தக் கரடிக்குத் தமிழ் வருமா?" என்றார். பின்னால் இருப்பவருக்கு வந்தால் கரடிக்கும் வரும். சிகிச்சைக்காக நம் ஊர்ப்பக்கத்திலிருந்து இந்நகரத்துக்கு வரும் குழந்தைகள் உண்டு. சுற்றிலும் புரியாத பாஷை. யந்திரக் கரடி வாங்க நம் சங்கத்திடம் பணமில்லை. கையில் மாட்டி ஆட்டும் துணிப்பொம்மை நாலு வாங்கலாம். மருத்துவமனையார் அனுமதித்தால், ஞாயிறு மாலைகளில் என்னோடு வர விருப்பமுள்ளவர்கள் சங்க அறையில் பெயர் கொடுங்கள். எறும்பு என்று மட்டும் யாரும் சொல்லக் கூடாது.